பொற்காலமாம், பொற்காலம்!

"தெருவுக்கே ஒரு டிவி, எல்லாரும் ஒண்ணா உக்காந்து பார்த்தோம்"னு உருகுறாங்க. எல்லாரும்னா யாருங்க?

வெள்ளிக்கிழமை ஒலியும் ஒளியும் நேரத்துல கூடத்துல சிலர், திண்ணையில சிலர். நானும் தங்கச்சியும் தெருவுல நின்னு ஜன்னல் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு எட்டிப் பார்ப்போம். 1987-ல ராமாயணம் வந்துச்சு. ஞாயித்துக்கிழமை காலை வெயில் பட்டு படம் தெரியலைன்னு அந்த ஜன்னலையும் சாத்திட்டாங்க. கோயில் மாதிரி மாலை போட்டுப் பார்த்த அதே டிவிதான்!

கோலி, பம்பரம், நுங்கு வண்டி எல்லாம் எனக்கும் ஏக்கம்தான். இன்னிக்குப் பசங்க செல்போனே கதின்னு கிடக்குறது எனக்கும் பிடிக்கலை. ஆனா, படம் பார்க்க வந்த பிள்ளையை "தள்ளி நில்லு"ன்னு சொல்ல இப்ப ஆளில்லை. எனக்கு அது பெருசு.

மத்தபடி நீங்க உருகுங்க. அந்த 'எல்லாரும்'ல மட்டும் என்னைச் சேர்க்காதீங்க.