இறந்த அப்பாவுக்குச் செய்த மருத்துவச் செலவு: ஐடி ரிட்டர்னில் காட்டலாமா?

ரிட்டர்ன் தாக்கல் செய்யும் சீசன் வந்தால் தூத்துக்குடி ஆடிட்டர் அலுவலகங்களில் தயக்கத்தோடு ஒரு கேள்வி வரும். "அப்பாதான் போயிட்டாரே, அவருக்குச் செஞ்ச செலவ இன்னும் கணக்குல காட்டலாமா?"

காட்டலாம். ஆனால் அதனால் லாபமா என்பது வேறு கதை.

ஓர் உதாரணம் பார்ப்போம். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற 68 வயது அப்பா, 2025 நவம்பரில் இறந்துவிட்டார். மருத்துவக் காப்பீடு இல்லை. கப்பல் சரக்கு நிறுவனத்தில் வேலை செய்யும் மகன் ஆஸ்பத்திரிக்குக் கட்டியது 70,000 ரூபாய். அதில் 45,000 ஜிபே, 25,000 ரொக்கம்.

சட்டம் என்ன சொல்கிறது?

2025-26 நிதியாண்டு கணக்குக்கு 1961ஆம் ஆண்டு சட்டம்தான் பொருந்தும். 2026 ஏப்ரல் 1 முதல் புதுச் சட்டம் வந்து பிரிவு எண்கள் மாறிவிட்டதால், பழைய ரிட்டர்னில் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

அதன் 80டி பிரிவில், 60 வயது தாண்டிய, காப்பீடு இல்லாத பெற்றோரின் மருத்துவச் செலவுக்கு 50,000 ரூபாய் வரை கழிவு உண்டு. பெற்றோர் பென்ஷன் வாங்கினாலும் பரவாயில்லை. மாமனார், மாமியாருக்குக் கிடையாது. அப்பா பாதி வருஷத்தில் இறந்தார் என்பதற்காக வரம்பு பாதியாகாது. ரொக்கமாகக் கட்டிய 25,000 மட்டும் செல்லாது; மிச்சம் 45,000.

புற்றுநோய், சிறுநீரகச் செயலிழப்பு போன்ற நோய் என்றால் 80டிடிபி பிரிவில் மூத்த குடிமக்களுக்கு 1 லட்சம் வரை வரம்பு. அங்கே மட்டும் பெற்றோர் பிள்ளையைச் சார்ந்தே வாழ்ந்திருக்க வேண்டும். நிபுணர் மருத்துவரின் சீட்டும் தேவை.

சிக்கல் எங்கே?

இந்தக் கழிவுகள் பழைய வரி முறையில்தான் உண்டு. மகனின் சம்பளம் ஆண்டுக்கு 15 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். பழைய முறையில் பிஎஃப், இன்சூரன்ஸ் என 1.5 லட்சம், அப்பாவின் 45,000 எல்லாம் கழித்த பிறகும் வரி 1,96,560 ரூபாய். இவை எதையும் கழிக்காமல் புதிய முறையில் போனால் 97,500 ரூபாய். வீட்டுக் கடன் வட்டி, வாடகைப் படி என்று பெரிய கழிவுகள் இல்லாதவர் அப்பாவின் பில்லுக்காகப் பழைய முறைக்குப் போனால் ஒரு லட்சம் நஷ்டம்! அதையும் மீறிப் பழைய முறை வேண்டும் என்பவர்கள் ஜூலை 31க்குள் தாக்கல் செய்ய வேண்டும். தாமதமானால் புதிய முறை மட்டுமே.

பணம் இருப்பது வேறு இடத்தில்

பலர் மறப்பது அப்பாவின் சொந்த ரிட்டர்னை. ஏப்ரல் முதல் இறந்த நாள் வரையிலான பென்ஷன், வைப்புத்தொகை வட்டி எல்லாம் அவருடைய பான் எண்ணிலேயே காட்டப்பட வேண்டும். அதற்குப் பிறகு வரும் வட்டி வாரிசுகளின் வருமானம். வங்கி 12,000 ரூபாய் டிடிஎஸ் பிடித்திருந்து, அதுவரையிலான மொத்த வருமானம் 12 லட்சத்துக்குள் இருந்தால், புதிய முறையில் அவ்வளவும் திரும்பக் கிடைக்கும்.

அதற்கு மகன் வருமான வரி இணையதளத்தில் சட்டப்படியான வாரிசாகப் பதிவு செய்ய வேண்டும். இறப்புச் சான்றிதழ், அப்பாவின் பான், தாசில்தார் தரும் வாரிசு சான்றிதழ் கைவசம் இருக்கட்டும். இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்திருந்தால் அலைச்சல் குறைவு. அப்பாவுக்கு வரி பாக்கி இருந்தால்? அவர் விட்டுச்சென்ற சொத்தின் மதிப்பு வரைதான் வாரிசின் பொறுப்பு.

சங்கு குளித்தும் உப்பளத்தில் உழைத்தும் பிழைக்கும் குடும்பங்களில் பெரும்பாலும் வரி கட்டும் அளவுக்கு வருமானமே இருக்காது. அங்கேயும் வங்கி வட்டியில் டிடிஎஸ் பிடித்திருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

பிள்ளை அமெரிக்காவில் இருந்தால்?

அமெரிக்க ரிட்டர்னில் பெற்றோரையே 'சார்ந்திருப்பவர்' என்று காட்டி 500 டாலர் வரை வரிச்சலுகை பெறலாம். அந்த ஆண்டின் நடுவில் இறந்திருந்தாலும் முழுச் சலுகை உண்டு. ஆனால் அவர் அமெரிக்கக் குடியுரிமை பெற்றவராகவோ, அமெரிக்காவில் வசித்தவராகவோ இருந்திருக்க வேண்டும். மாதா மாதம் டாலர் அனுப்பியிருந்தாலும், இந்தியக் குடிமகனாகத் தூத்துக்குடியிலேயே இருந்து மறைந்த அப்பாவுக்கு அந்தச் சலுகை கிடையாது.