தீட்டைச் சுமப்பவர் யார்? ஷிண்டோவும் நம் ஊர் அம்மன்களும்

ஜப்பானைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்று சொல்லும் காணொளிகள் நம் வாட்ஸ்அப் குழுக்களில் அடிக்கடி சுற்றுகின்றன. சிவப்பு வாசல், வாசலில் கை கழுவத் தண்ணீர்த் தொட்டி, மரத்துக்குக் கயிறு கட்டிக் கும்பிடும் மக்கள். பின்னணியில் ஒரு குரல் பேசும்: ஷிண்டோவுக்கு நிறுவனர் இல்லை, வேதம் இல்லை, மலையும் ஆறும் மூதாதையுமே தெய்வம். நம் குலதெய்வ வழிபாடும் இதேதான். பார்ப்பனியம் வருவதற்கு முன் நாமும் இப்படிச் சாதியில்லாமல்தான் இருந்தோம்.

இதைப் பகிர்கிறவர்களில் நம் தோழர்களும் இருக்கிறார்கள். ஒப்புமை சரிதான். அதிலிருந்து எடுக்கிற முடிவுதான் தவறு.

முதலில் ஒப்புமை. ஜப்பானில் சுமார் 80,000 ஷிண்டோ கோவில்கள் இருக்கின்றன. அங்கே தெய்வத்துக்குப் பெயர் ‘கமி’. ஊருக்கு ஒரு கமி, அந்த ஊர்க்காரர்கள் அதன் பிள்ளைகள். நம் ஊரில் வரி கொடுப்பவர்கள் போல அங்கே அந்தக் கோவிலுக்குப் பாத்தியப்பட்டவர்களை ‘உஜிகோ’ என்பார்கள். திருவிழா அன்று சாமியை ‘மிகோஷி’ என்ற பல்லக்கில் வைத்து இளைஞர்கள் தோளில் தூக்கித் தெருத்தெருவாகக் கொண்டுபோவார்கள். பெரிய மேளம் அதிரும். காளியம்மன் புறப்பாடு பார்த்த யாருக்கும் இது புதிதாகத் தெரியாது.

அந்தத் தண்ணீர்த் தொட்டி ஏன் வாசலில் இருக்கிறது? அங்கே ‘கெகாரே’ என்று ஒரு சொல் உண்டு. நம் பாஷையில் தீட்டு. சாவு, பிரசவம், இரத்தம் இவற்றால் வருவது. 927-ல் தொகுத்து முடிக்கப்பட்ட ‘எங்கிஷிகி’ என்ற அரசச் சட்டத் தொகுப்பு இதற்குக் கணக்கே போட்டு வைத்திருக்கிறது. மனிதச் சாவுக்கு 30 நாள், பிரசவத்துக்கு 7 நாள், வீட்டு விலங்கு செத்தால் 5 நாள், இறைச்சி தின்றால் 3 நாள். தீட்டுப்பட்டவர் வீட்டுக்குப் போய் வந்தவருக்கும் தீட்டு, அவர் போன இடத்துக்கும் தீட்டு என்று எத்தனை கை மாறும் என்பதும் அதில் உண்டு.

அதே தொகுப்பில் இன்னொரு விதி இருக்கிறது. கியோட்டோவில் உள்ள கமோ கோவிலின் தெற்கே, கோவில் எல்லைக்கு வெளியே இருந்தாலும், விலங்கு அறுப்பவர்கள் குடியிருக்கக் கூடாது. ஆயிரம் வருஷத்துக்கு முன் எழுதிய விதி இது. ஊர்க் கோவிலுக்கு எதிர்த்திசையில் சேரி எப்படி வந்தது என்று யாராவது கேட்டால், இந்த வரியைக் காட்டினால் போதும். அந்தக் கோவில் இன்று உலகப் பாரம்பரியச் சின்னம். அதன் தோப்பின் அழகைத்தான் காணொளியில் பார்க்கிறோம்.

அண்ணல் அம்பேத்கர் 1948-ல் வெளியான தீண்டப்படாதோர் பற்றிய நூலில் இரண்டு தீட்டுகளைப் பிரித்துக் காட்டுகிறார். ஒன்று, பழங்குடிச் சமூகங்களில் சாவுக்கும் பிறப்புக்கும் வருவது. அது எல்லோருக்கும் வரும், சடங்கு செய்தால் போய்விடும். இன்னொன்று பிறப்பிலேயே ஒட்டி, தலைமுறை தலைமுறையாய்த் தொடர்வது. இந்த இரண்டாவது இந்து சமூகத்துக்கே உரியது என்பது அவர் வாதம். ஜப்பானை அதனோடு சேர்த்து வாசித்தால் இன்னொன்றும் தெரிகிறது. முதல் தீட்டு இரண்டாவதாக மாற முடியும்.

எப்படி? எல்லோருக்கும் தீட்டு வரும் ஒரு சமூகத்தில் செத்த மாட்டை அப்புறப்படுத்த, தோல் பதனிட, பிணத்தைப் புதைக்க யாராவது வேண்டும். மற்றவர்களின் 30 நாள் 30 நாளில் முடிகிறது. அந்த வேலையே செய்பவருக்கு அது முடிவதே இல்லை. அவர் பிள்ளையும் அதே வேலைக்குத் தள்ளப்பட்டால் தீட்டு பரம்பரையாகிறது. இதற்கு ஷிண்டோ மட்டும் காரணமில்லை. பௌத்தத்தின் கொல்லாமையும் சேர்ந்தது. தொகுகாவா ஆட்சி அதைப் பிறப்பு அடையாளமாக இறுக்கியது. அவர்களுக்கு வைத்த ‘எதா’ என்ற பெயருக்கு எழுதிய எழுத்துகளின் பொருள் ‘மிகுந்த அழுக்கு’. அவர்கள்தான் இன்று புராக்கு மக்கள் என்று அறியப்படுகிறார்கள்.

1871-ல் அரசு அந்த இழிபெயரை ஒழித்து ஆணையிட்டது. 1873-ல் மிமசாகா பகுதியில் விவசாயிகள் திரண்டு புராக்கு மக்களின் வீடுகளைக் கொளுத்தி, 18 பேரைக் கொன்றார்கள். ஊர்க் கோவிலில் உஜிகோவாகச் சேர்க்க மறுப்பதும், மிகோஷிக்குத் தோள் கொடுக்க விடாததும் அதற்குப் பிறகும் தொடர்ந்தன. 1922 மார்ச் 3 அன்று கியோட்டோவில் அவர்களே கூடி ‘சுய்ஹெய்ஷா’ என்ற சமத்துவ இயக்கத்தைத் தொடங்கினார்கள். கருப்புக் கொடியில் இரத்தச் சிவப்பில் முள்முடி. தோட்டி, வெட்டியான், பறையன் என்ற சொற்களை நம் முன்னோர்கள் எதிர்கொண்டது போலவே அவர்களும் இழிசொல்லை நேருக்கு நேர் எதிர்கொண்டார்கள்.

மேளத்தின் கதையைக் கேளுங்கள். கோவில் திருவிழாவில் அதிரும் ‘தைக்கோ’ மேளத்துக்குத் தோல் வேண்டும். ஒசாகாவின் நனிவா பகுதியில் புராக்கு கைவினைஞர்கள் தலைமுறைகளாக அதைச் செய்தார்கள். செய்தவர்கள் வாசிக்கவில்லை. சாமிக்கு முன் வாசித்தவர்கள் வேறு ஆட்கள். 1987-ல் அந்தப் பகுதி இளைஞர்கள் தாங்களே ஒரு மேளக் குழு தொடங்கினார்கள். அதற்கு வைத்த பெயர் ‘இகாரி’, கோபம் என்று பொருள். திண்டுக்கல் சக்தி கலைக்குழுவின் தலித் பெண்கள் பறையைக் கையில் எடுத்ததை அறிந்தவர்களுக்கு அந்தப் பெயரை விளக்க வேண்டியதில்லை.

இனி நம் ஊருக்கு வருவோம். கூத்தாநல்லூர், மன்னார்குடி, திருவாரூர் பக்கத்தில் ‘அந்தக் காலத்தில் நமக்கும் மரியாதை இருந்தது’ என்பதற்கு ஓர் ஆதாரம் சொல்வார்கள். 1909-ல் வெளியான தர்ஸ்டன் நூலில் திருவாரூர்த் திருவிழா பற்றி ஒரு குறிப்பு உண்டு. பறையர் தலைவர் சாமியோடு யானைமேல் ஏறிச் சாமரம் பிடிப்பார். பெருமைதான், மறுக்கவில்லை. ஆனால் யானையை விட்டு இறங்கியதும் அவர் எந்தத் தெருவுக்குத் திரும்பினார்? ஒரு நாள் மரியாதை மற்ற நாட்களின் தீட்டைக் கழுவாது.

வேதத்துக்கும் ஆகமத்துக்கும் வெளியே நிற்கும் அம்மன்களிடம் நிலைமை என்ன? 2016-ல் வேதாரண்யம் பக்கம் பழங்கள்ளிமேட்டில் பத்ரகாளியம்மன் ஆடித் திருவிழாவில் ஒரு நாள் மண்டகப்படி கேட்டார்கள் தலித் மக்கள். கிடைக்காததால் இஸ்லாத்துக்கு மாறுவோம் என்று அறிவிக்கும் அளவுக்குப் போக வேண்டியிருந்தது. 2023-ல் விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் திரௌபதி அம்மன் கோவிலுக்குள் போன தலித் இளைஞர்கள் தாக்கப்பட்டார்கள். ஜூனில் அதிகாரிகள் கோவிலுக்கே சீல் வைத்தார்கள். இரண்டும் நாட்டார் தெய்வங்கள்தான். பத்ரகாளிக்கு எந்தச் சாதியும் இல்லை. அவளுக்கு வரி பிரிக்கும் கமிட்டிக்கு உண்டு.

வரியைத்தான் நாம் கவனிக்க வேண்டும். பல ஊர்களில் காலனியில் வரி வாங்கவே மாட்டார்கள். ஏழைகள் என்ற இரக்கத்தால் அல்ல. வரி வாங்கினால் மண்டகப்படி கேட்பார்கள், வடம் பிடிக்க வருவார்கள், சாமி எங்கள் தெருவுக்கும் வரட்டும் என்பார்கள். பறை மட்டும் வேண்டும், அதற்குக் கூலி கொடுத்தால் கணக்கு முடிந்தது.

நம்மிடம் சட்டம் இருக்கிறது. ஜப்பான் 2016 டிசம்பரில் புராக்கு பாகுபாட்டுக்கு எதிராகக் கொண்டுவந்த சட்டத்தில் தண்டனைப் பிரிவே கிடையாது. இங்கே 2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த வன்கொடுமைத் தடுப்புத் திருத்தச் சட்டம், வழிபாட்டிடத்தில் நுழைவதைத் தடுப்பதை மட்டுமல்ல, சாமி ஊர்வலத்தில் கலந்துகொள்வதைத் தடுப்பதையும் குற்றம் என்கிறது. ஆனாலும் ஆடி மாதம் வந்தால் தாலுகா அலுவலகத்தில் அமைதிப் பேச்சுவார்த்தை நடக்கும், ‘வழக்கப்படியே நடக்கட்டும்’ என்று எழுதிக் கையெழுத்து வாங்குவார்கள். வழக்கம்தான் குற்றம் என்று சட்டம் சொல்லும்போது, வழக்கத்தையே சமாதானமாக எழுதுகிறார் அதிகாரி.

குலதெய்வத்தைக் கும்பிடாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. ஐயனாரையும் பிடாரியையும் மீட்பது சாதி ஒழிப்பு என்று மேடையில் பேசுகிறவர்களிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். உங்கள் ஊர்த் திருவிழாவில் காலனியில் வரி வாங்குகிறீர்களா? சாமி எங்கள் தெருவுக்குள் வருகிறதா? பறை அடிப்பவர் வீட்டுப் பிள்ளை பல்லக்குக்குத் தோள் கொடுக்கிறானா? மூன்றுக்கும் ஆம் என்று சொல்லும் ஊரில் தெய்வத்தின் தொன்மை பற்றிப் பிறகு பேசலாம். இல்லை என்று சொல்லும் ஊரில், அடுத்த அமைதிப் பேச்சுவார்த்தைக்கு அந்தச் சட்டப் பிரிவை நகல் எடுத்துக்கொண்டு போங்கள். ‘வழக்கப்படி’ என்று எழுதிய தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்.