பிறர் இட்ட பெயர்

பெயர் இருவகைத்து: ஒன்று ஒரு கூட்டத்தார் தமக்குத் தாமே இட்டுக்கொள்வது, மற்றொன்று அயலார் இடுவது. பின்னதில் நகையும் இகழ்ச்சியும் கலந்திருத்தல் பெரும்பான்மை. ஆயினும் அதன் பொருளை முடிவு செய்யும் உரிமை இட்டவர்க்கன்று, சுமப்பவர்க்கே உரியது என்பது எமது துணிபு.

அமெரிக்கரைக் குறிக்கும் 'யாங்கி' என்னுஞ் சொல்லை நோக்குவோம். ஒலாந்தரிடை வழங்கிய 'யான்' என்னும் இயற்பெயரினின்று அது பிறந்ததென்பார் பலர்; அறிஞரிடை ஒருமுடிபு இல்லை. 1758-இல் ஆங்கிலத் தளபதி ஜேம்ஸ் உல்ஃப் நியூ இங்கிலாந்து வீரரை இச்சொல்லால் எள்ளினார். 1775-இல் விடுதலைப்போர் மூண்டபின்னர், அந்நாட்டாரே அவ்வசைச் சொல்லைத் தமக்குப் பெருமையாக்கிக் கொண்டனர். 1861 முதல் 1865 வரை நிகழ்ந்த உள்நாட்டுப் போரிலோ, தென்னாட்டார் வடநாட்டாரை இகழ அதுவே கருவியாயிற்று. சொல் ஒன்றே, சொல்வார் வாய்க்கேற்பப் பொருள் வேறாயிற்று.

இதனைக் காணக் கடல் கடப்பானேன்? கள்ளக்குறிச்சிக்கு மேற்கே உயர்ந்து நிற்குங் கல்வராயன் மலையில் வாழும் பழங்குடியினர் 'மலையாளி' எனப்படுகின்றனர். கேரளத்தார்க்கும் அப்பெயர் வழங்குதலின் மயக்கம் நேர்கின்றது; இவர்தம் தாய்மொழியோ தமிழே. தம்மைக் காராளர் என்று கூறிக்கொள்ளும் இவர், தம் முன்னோர் காஞ்சியினின்று மலையேறினர் என்பர். தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட நூலும் இவ்வழிவழிக் கதையைக் கூறும்.

'மலையில் வாழும் ஆள் என்பதுதானே பொருள்? இதில் இழிவு யாது?' என வினவுவார் உளர். சொற்பிறப்பில் இழிவில்லை, மெய்யே. ஆனால், மலையினின்று இறங்கிக் கல்வி கற்க வந்த மாணாக்கனைப் பெயர்சொல்லி அழையாது, நகைத்துக்கொண்டு 'மலையாளி' என விளிக்குங்கால், அவன் செவியிற் படுவது சொற்பிறப்பன்று, அந்நகையே.

அமெரிக்கர் போரில் வென்று வசையை வாகையாக்கினர். தனியொருவனாய் வகுப்பில் அமர்ந்திருப்பவன் யாது செய்வான்? பெயரை உதறவும் அவனால் இயலாது. அரசின் பழங்குடியினர் பட்டியலில் அவன் இனம் அப்பெயராலேயே குறிக்கப்பட்டுள்ளமையின், சாதிச்சான்றும் கல்வியுதவியும் அதன்வழியே அவனை அடைகின்றன. ஆகவே, அதிற் படிந்த மாசைத் துடைக்குங் கடன், அதனைப் படியச் செய்த கீழ்நாட்டாராகிய நம்மதே.

அவர் எப்பெயரை விரும்புகின்றனர் என முதற்கண் கேட்டறிவோம். அப்பெயரால் அன்புடன் அழைப்போம். 'ஆள்' என்பது ஆளுதலையும் உணர்த்தும். மலையை ஆள்வார் என்று அவர் பொருள்கொள்ள விழையின், நம் இலக்கணம் குறுக்கே நில்லாது.