பிஎச்டி அப்ளை பண்ணும் முன், ஒரு சர்ஜனிடம் பேசுங்கள்



போன எபிசோடில் ஷார்ஜாவிலிருந்து ஒரு தம்பியின் வாய்ஸ் நோட்டைப் போட்டிருந்தோம். வயசு 24, கம்ப்யூட்டர் சயின்ஸ் முடிச்சவர். மெடிக்கல் ரோபாட்டிக்ஸில் பிஎச்டி பண்ண ஆசை. "அண்ணா, எத்தனை யூனிவர்சிட்டிக்கு அப்ளை பண்ணணும்? அடுத்த வருஷம் எனக்கு 25 ஆகுது. அட்மிஷன் கிடைச்சா விசா டென்ஷனும் போயிடும்ல?" என்று கேட்டிருந்தார்.

மைக் முன்னாடி "ஒரு பத்துக்குப் போடுங்க" என்று சொல்லி முடித்துவிட்டேன். அது தப்பான பதில். இங்கே திருத்திக்கிறேன்.

எமிரேட்ஸில் வளர்ந்தவர்களுக்கு அந்த டென்ஷனை விளக்க வேண்டாம். கல்யாணமாகாத மகன் 25 வயசு வரை பெற்றோர் விசாவில் இருக்கலாம் என்று 2022இல்தான் மாற்றினார்கள்; என் காலத்தில் அது 18. அந்தப் பயத்தை நான் கிண்டல் பண்ண மாட்டேன். ஆனால் அந்தப் பயத்தோடு எழுதின அப்ளிகேஷன் எப்படி இருக்கும்னு தெரியும். நானே எழுதியிருக்கேன்.

31 வயசில், ஒரு கான்ட்ராக்ட் முடிந்து அடுத்தது கிடைக்காத இடைவெளியில், ஏழு இடத்துக்கு அப்ளை பண்ணினேன். எஸ்ஓபியின் முதல் வரி, "சிறு வயதிலிருந்தே ரோபோக்கள் மீது எனக்கு ஆர்வம்." ஒரே ஒரு பேராசிரியர் ஜூமில் பேசினார். "இந்த மெஷினை வைத்து ஆபரேஷன் பண்ற ஒரு சர்ஜனிடமாவது பேசியிருக்கீங்களா?" என்று கேட்டார். பேசியதில்லை. பத்து நிமிஷத்தில் கால் முடிந்தது. ஏழும் ரிஜெக்ட்.

அதனால் என் கருத்து இதுதான்: இந்தத் துறைக்கு அப்ளை பண்ண முதலில் தேவை ரேங்கிங் லிஸ்ட் இல்லை, ஒரு கேள்வி. அது ஆபரேஷன் தியேட்டர் பக்கத்திலிருந்துதான் வரும்.

"நான் சிஎஸ், மெக்கானிக்கல் இல்லையே" என்று தயங்க வேண்டாம். 2001 செப்டம்பர் 7 அன்று ழாக் மரெஸ்கோ என்ற பிரெஞ்சு சர்ஜன் நியூயார்க்கில் உட்கார்ந்தபடி, பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க்கில் படுத்திருந்த நோயாளியின் பித்தப்பையை ஜீயஸ் என்ற ரோபோ மூலம் அகற்றினார். கையை அசைத்ததற்கும் அது திரையில் தெரிந்ததற்கும் நடுவே சுமார் 155 மில்லிசெகண்ட். நாம ஆபீஸில் தினமும் சண்டை போடும் அதே லேட்டன்சிதான். லைன் கட்டானால் ரோபோவின் கை என்ன செய்யணும்? கேமராப் படத்தில் பித்தப்பை எங்கே முடிகிறது, கல்லீரல் எங்கே தொடங்குகிறது? இதெல்லாம் சாஃப்ட்வேர்காரர்களின் கேள்விகள்.

தொடங்க லேப் வேண்டாம், லேப்டாப் போதும். சோலெக்80 என்ற தொகுப்பில் 80 பித்தப்பை ஆபரேஷன் வீடியோக்கள் இருக்கு. ஜிக்சாஸ் என்ற தொகுப்பில் 8 சர்ஜன்கள் டா வின்சி ரோபோவில் தையல் போடுவது, முடிச்சுப் போடுவது, ஊசியை வளையங்கள் வழியே செலுத்துவது மூன்றும் வீடியோவாகவும் கை அசைவு டேட்டாவாகவும் இருக்கு. இரண்டும் ஆராய்ச்சிக்குக் கிடைக்கும். சில வார இறுதிகள் அதில் உட்காருங்க. பிறகு நீங்க செய்ததை ஒரு சர்ஜனிடம் காட்டி, "இது உங்களுக்கு எதுக்காவது உதவுமா?" என்று கேளுங்க. சர்ஜனுக்கு எங்கே போறது? நம்ம பொங்கல் விழாவில் ஒரு டாக்டர் அங்கிளாவது இல்லாமலா போவாங்க?

கேள்வி கிடைத்துவிட்டால் லிஸ்ட் தானாகச் சுருங்கும். அபுதாபியிலேயே கலீஃபா யூனிவர்சிட்டி இருக்கு. முகமது பின் சாயித் ஏஐ யூனிவர்சிட்டியில் ரோபாட்டிக்ஸ் பிஎச்டி இருக்கு. நியூயார்க் யூனிவர்சிட்டி அபுதாபியில் சேர்ந்தால் பாடங்கள் நியூயார்க்கில், ஆராய்ச்சி இங்கே. இந்தியாவில் ஐஐடி மெட்ராஸ், வேலூர் சிஎம்சி, திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரா மூன்றும் சேர்ந்து மருத்துவக் கருவிகளில் பிஎச்டி நடத்துகின்றன. ஹாஸ்பிட்டல் அந்தப் படிப்புக்குள்ளேயே இருக்கு. எனக்கு அதுதான் பிடித்த வாசல். எங்கே போட்டாலும் அங்கே இருக்கும் மாணவர்களிடம் ஒன்று கேளுங்க: லேபிலிருந்து ஹாஸ்பிட்டலுக்கு யார் போய் வர்றாங்க, எத்தனை நாளைக்கு ஒரு தடவை?

இப்போ விசா. இங்கே ஸ்டூடண்ட் விசாவை வருஷா வருஷம் புதுப்பிக்கணும். படிப்பு முடிந்தால் அதுவும் முடியும். 30 வயசில் அதே கேள்வி வாசலில் நிற்கும், ஆனால் கையில் சேமிப்பு இருக்காது. விசா மட்டும்தான் காரணம்னா வேலை தேடுங்க தம்பி, அதில் ஒரு அவமானமும் இல்லை. யாரும் சொல்லாமலே சனிக்கிழமை மதியம் அந்த வீடியோக்களைத் திறக்கிறீங்களா? அப்போ அப்ளை பண்ணுங்க.

இந்த டிசம்பரில் நானும் மறுபடி போடுறேன், மூன்றே இடத்துக்கு. ஆபரேஷனில் திசுவைச் சுடும்போது வரும் புகை கேமராவை மறைக்கும். அப்போ சாஃப்ட்வேர் "எனக்குச் சரியாத் தெரியல" என்று எப்படிச் சொல்லணும்? இதுதான் என் கேள்வி. ஒரு சர்ஜனோடு இரண்டு தடவை டீ குடித்ததில் கிடைத்தது. "இந்த வயசுலயா?" என்று அம்மா கேட்டாங்க. மாசச் சம்பளம் பாதிக்கு மேல் குறையும்னு இன்னும் அவங்ககிட்ட சொல்லலை.

ஷார்ஜா தம்பி, யூனிவர்சிட்டி லிஸ்ட் அனுப்ப வேண்டாம். உங்க கேள்வியை மூணு வரியில் அனுப்புங்க. அடுத்த எபிசோடில் அதைப் பேசுவோம்.