தாடையைத் தின்ற நோயும் தமிழில் எழுதாத தாளும்

திருத்தங்கலும் சிவகாசியும் சாத்தூரும் தீப்பெட்டியால் சோறுண்ட ஊர்கள். அத் தீக்குச்சி ஒரு காலத்தில் மாந்தரின் தாடையெலும்பைத் தின்றது என்பதை நம்முள் எத்துணைப் பேர் அறிவர்?

19ஆம் நூற்றாண்டில் மேலைநாட்டுத் தீக்குச்சி முனையில் வெண்பாசுபரசு பூசினர். அதன் ஆவியை நாள்தோறும் உயிர்த்த தொழிலாளர்க்கு முதலில் பல்வலி வந்தது. பின்னர் ஈறு வீங்கிச் சீழ் கட்டியது. இறுதியில் தாடையெலும்பே செத்து அழுகி நாறியது. அழுகிய எலும்பை அறுத்தெடுப்பதே அன்றிருந்த பண்டுவம். 1845-இல் வியன்னா மருத்துவர் இலோரின்சர் இந் நோயை விளக்கி எழுதினார். மருத்துவ ஏடுகள் அதற்குப் புலமைப் பெயரிட்டன. இலண்டன் தொழிலாளரோ 'பாசுபரசுத் தாடை' எனப் பொருள்படும் சிறு பெயரைத் தம் பேச்சுமொழியிலேயே இட்டு வழங்கினர். பெயர் பரவியது, நோயை மறைக்க நினைத்தோர்க்கு அப் பெயரே பகையாயிற்று.

1888-இல் பிரையன்ட் மே தொழிற்சாலைப் பெண்கள் ஏறத்தாழ 1400 பேர், தண்டத்தொகையும் அடக்குமுறையும் பொறாது வேலையைத் துறந்து தெருவில் இறங்கினர். நச்சு படியாத தனியிடத்தில் உண்ணும் உரிமையும் அவர்கள் வென்றவற்றுள் ஒன்று. நோயாளரை அரசுக்கு அறிவியாமல் மறைத்தமைக்காக 1898-இல் அந் நிறுவனம் தண்டம் கட்டியது. 1906-இல் பெர்ன் உடன்படிக்கை வந்தது; 1908-இல் பிரித்தானியாவும் 1913-இல் இந்தியாவும் வெண்பாசுபரசுத் தீக்குச்சியைச் சட்டத்தால் தடுத்தன.

அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தொழில் கற்று மீண்டு, சிவகாசியில் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கியது அதற்குப் பின்னரே. நம் தாய்மாரின் தாடை தப்பியது. இன்று பெட்டியின் பக்கத்தில் பூசப்படும் செம்பாசுபரசு அந் நோயைத் தருவதன்று.

ஆனால், இன்று நம் வாய்க்குள் வேறொரு கேடு குடியேறியுள்ளது. இதனை எதிர்ப்பதற்கு நம் மக்களிடம் ஒரு பெயர்கூட இல்லை!

பாக்கை இடைவிடாது மெல்லுவோர்க்குக் கன்னத்தின் உட்புறம் வெளிறித் தடித்து நார் போல் இறுகுகிறது. காரம் பட்டால் எரிகிறது. நாளடைவில் இரு விரல் நுழையுமளவும் வாய் திறவாது. இறுகியது முற்றும் மீள்வதரிது. சிலர்க்கு அதுவே வாய்ப்புற்றாய் முடிகிறது. புகையிலை கலவாத வெறும் பாக்கும் புற்றுநோய் தருவதே என உலக நலவாழ்வு அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் வெளியிட்டது. நம் அரசு 2013-இல் குட்காவைத் தடை செய்தது. இனிப்புப் பாக்குப் பொட்டலமோ பள்ளிப் பிள்ளைகளின் பையிலும் கிடக்கிறது.

ஒருநாள் கூலியை இழந்து மருத்துவமனை செல்லும் தொழிலாளிக்குக் கிடைப்பது என்ன? ஒரு தாள், அதில் நான்கு ஆங்கில எழுத்துகள்! நோயின் பெயரும் அவன் அறியான். பாக்கே அதற்குக் கரணியம் என்பதும் அறியான். மாத்திரையை ஒரு கையிலும் பாக்குப் பொட்டலத்தை மறு கையிலும் வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிறான். இதனை 'நார்வாய் நோய், பாக்கால் வருவது, புற்றாகலாம்' என்று ஒரு வரி தமிழில் எழுதித் தந்தால் மருத்துவரின் கை தேய்ந்துவிடுமா?

பற்சொத்தையும் இவ்வாறே. பல்லில் தங்கிய இனிப்பை நுண்ணுயிர்கள் புளிப்பாக்குகின்றன. அப் புளிப்பு பற்சிப்பியைக் கரைக்கிறது. தொடக்கத்தில் அடைத்தாற் போதும். குழி உள்ளே உள்ள பற்கூழைத் தொட்டால் வேர்ப்பண்டுவம் வேண்டும். அதையும் விட்டால் பல்லையே பிடுங்க வேண்டும். இவ் வரிசையைத் தமிழில் சொல்வார் இல்லாத இடத்தில் மூடக்கதைகள் புகுகின்றன. மேல்பல்லைப் பிடுங்கினால் கண் கெடுமாம்! காறையை அகற்றினால் பல் ஆடுமாம்! இரண்டும் பொய். காறையைப் படியவிட்டால்தான் ஈறு புண்ணாகிப் பல் ஆடும்.

தமிழில் சொல் இல்லை என்பார் சிலர். ஈறு, காறை, சொத்தை, சீழ், கடைவாய்ப்பல், கோரைப்பல்: இவை யார் தந்த சொற்கள்? யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன் 19ஆம் நூற்றாண்டிலேயே மேலை மருத்துவத்தைத் தமிழில் கற்பித்தார், நூல்களையும் தமிழாக்கினார். அயல்நாட்டார்க்கு இயன்றது, தமிழ்த்தாய் வயிற்றில் பிறந்த மருத்துவர்க்கு இயலாதா? 1956-இலேயே தமிழை ஆட்சிமொழியாக்கிச் சட்டம் இயற்றிய நாட்டில், நோயாளியின் கைத்தாளில் தமிழ் ஏற இன்னும் எத்துணை ஆண்டு வேண்டும்?

மருத்துவர்கள் தமக்குள் எம்மொழியிலும் எழுதிக்கொள்க. நோயாளியிடம் தரும் தாளில் நோயின் பெயர், அதன் கரணியம், செய்யும் பண்டுவம், செய்யாவிடில் வரும் கேடு ஆகிய நான்கும் தமிழில் இருத்தல் வேண்டும். இது மொழிப்பற்றுக்காக மட்டும் கேட்பதன்று, உயிருக்காகக் கேட்பது. அரசு மருத்துவமனைகளில் இதனை ஆணையாக்குக!

தமிழ்மக்களே! அடுத்த முறை பல் மருத்துவர் தாளை நீட்டும்போது எழுந்து வந்துவிடாதீர்கள். "தமிழில் எழுதித் தருக" என்று கேளுங்கள். தருமளவும் அமர்ந்திருங்கள்.