மாணவர் மனநிறைவை அளக்கும் கருவி



‘நாக்’ எனப்படும் தேசிய மதிப்பீடு மற்றும் தரச்சான்று அவை, உயர்கல்வி நிறுவனங்களுக்காக 2017-இல் திருத்தியமைத்த மதிப்பீட்டு முறையில் மாணவர் மனநிறைவுக் கணக்கெடுப்பையும் சேர்த்தது வரவேற்கத்தக்கதே ஆயினும், அதன் வினாக்கள் பெரும்பாலும் வகுப்பறையையே சுற்றி வருவதால், விடுதி, தேர்வுப் பிரிவு, உதவித்தொகை அலுவலகம் ஆகியவற்றில் மாணவர் படும் பாடு அதில் போதிய அளவு பதிவாவதில்லை.

இக்குறையை நிரப்ப நாடக்கூடிய கருவி ஒன்று உண்டு: சேவைத் தரத்தை அளக்கப் பரசுராமன், செய்தாம்ல், பெர்ரி ஆகிய மூவரும் 1988-இல் வெளியிட்ட ‘செர்வ்குவால்’ என்னும் 22 கூற்றுகள் கொண்ட அளவுகோல், பயனாளியின் எதிர்பார்ப்புக்கும் அவர் உணர்ந்ததற்கும் உள்ள இடைவெளியையே தரமாகக் கொள்கிறது. ஆனால் குடும்பத்தில் முதன்முதலாகப் பல்கலைக்கழகத்தில் கால்வைக்கும் மாணவர், எதையும் உரிமையாகக் கேட்டுப் பழகாதவராக இருப்பின், அவருடைய எதிர்பார்ப்பு தாழ்ந்திருப்பதாலேயே இடைவெளி சுருங்கி, மோசமான சேவையும் நல்ல மதிப்பெண் பெற்றுவிடும். இது புள்ளியியல் நுணுக்கம் மட்டுமன்று, நீதி தொடர்பானதும் ஆகும்.

ஆகவே, மனநிறைவை மட்டும் கேளாமல், சான்றிதழ் எத்தனை நாளில் கிடைத்தது, மறுமதிப்பீட்டு முடிவு எப்போது வந்தது, குறைதீர் மனுவுக்குப் பதில் கிடைத்ததா என நிகழ்ந்தவற்றையும் கேட்டு, விடைகளைத் துறைவாரியாக ஆண்டுதோறும் வெளியிடப் பல்கலைக்கழகங்கள் முன்வர வேண்டும்.