கழுத்தில் கத்தி வைக்கும் முன்...

தொண்டையில் புற்றுநோய் என்று டாக்டர் சொன்னால் போதும், குடும்பமே இடிந்து போகிறது. "கழுத்தை அறுக்க வேண்டுமாமே!" என்று ஊரார் வேறு பயமுறுத்துகிறார்கள்.

எல்லோருக்கும் கத்தி தேவை இல்லை. இது வெறும் ஆறுதல் வார்த்தை அல்ல. சோதித்து அறிந்த உண்மை.

சர்க்கரை காட்டும் நோய்

புற்றுநோய்க் கட்டி சர்க்கரையை அதிகமாக இழுக்கும். 1920-களிலேயே ஜெர்மன் விஞ்ஞானி ஆட்டோ வார்பர்க் இதைக் கண்டார். (இனிப்பை நிறுத்தினால் நோய் போய்விடும் என்று எண்ண வேண்டாம்!)

இந்தக் குணத்தை வைத்தே 'பெட்' ஸ்கேன் நோயைக் கண்டுபிடிக்கிறது. கதிர் வீசும் சர்க்கரை மருந்தை ஊசி மூலம் ஏற்றுவார்கள். நோய் உள்ள இடம் படத்தில் விளக்குப் போலத் தெரியும்.

564 நோயாளிகள்

கழுத்து நெறிகளுக்கு நோய் பரவிய 564 பேரை பிரிட்டன் டாக்டர்கள் ஆராய்ந்தார்கள். முடிவு 2016-ல் வெளியாயிற்று. எல்லோருக்கும் மருந்தும் கதிர் சிகிச்சையும் உண்டு. பாதிப் பேருக்குக் கழுத்து ஆபரேஷனும் செய்வதென்று முடிவு. மறு பாதிக்கு, சிகிச்சை முடிந்து 12 வாரம் கழித்து ஸ்கேன். நோய் மிஞ்சியிருந்தால் மட்டும் ஆபரேஷன்.

முதல் பிரிவில் 221 பேருக்கு ஆபரேஷன் நடந்தது. இரண்டாவதில் 54 பேருக்குத்தான்! இரண்டு ஆண்டுக்குப் பின் உயிரோடு இருந்தவர்கள் இரண்டாவது பிரிவிலும் குறையவில்லை.

வைரஸ் உண்டா?

டான்சிலிலும் நாக்கின் அடியிலும் வரும் புற்றுநோய்க்கு 'எச்.பி.வி.' என்ற வைரசும் ஒரு காரணம். வைரசால் வந்த நோய் சிகிச்சைக்கு நன்றாகக் கட்டுப்படுகிறது. 2010-ல் வெளியான அமெரிக்க ஆராய்ச்சியில், மூன்று ஆண்டுக்குப் பின் பிழைத்திருந்தவர்கள்: வைரஸ் உள்ளவர்களில் 100-க்கு 82 பேர்; இல்லாதவர்களில் 57 பேர்.

வைரசால் வந்த கழுத்துக் கட்டி மெதுவாகக் கரையும். 12-வது வாரப் படத்தில் லேசான ஒளி தெரிந்தால் உடனே கத்தியைத் தூக்க வேண்டியதில்லை. பொறுத்து, மறுபடி படம் பார்க்கலாம்.

கேளுங்கள்!

கழுத்து ஆபரேஷனால் சிலருக்குத் தோளைத் தூக்கவே முடியாமல் போகிறது. உழைத்துச் சாப்பிடுகிறவனுக்கு அது சின்ன நஷ்டமா? ஆகவே, "வைரஸ் சோதனை ஆயிற்றா? ஸ்கேன் எப்போது?" என்று டாக்டரிடம் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு அல்ல.

ஸ்கேனில் நோய் மிஞ்சியிருப்பது உறுதியானால் ஆபரேஷனுக்குத் தயங்கவும் கூடாது.

கழுத்தில் கட்டியோ குரல் கம்மலோ மூன்று வாரம் நீடித்தால் டாக்டரிடம் ஓடுங்கள். புகையிலையை இன்றே விடுங்கள்.